விளக்கு வைத்த பிறகு வந்தவர்கள்

என் மனைவிக்குப் பார்வை நடுவிலிருந்து போகத் தொடங்கியது. ஓரங்கள் நன்றாகவே இருந்தன. எதிரில் நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், காலில் என்ன செருப்பு என்பதுகூடத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகை. தில்லைநகரில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த கண் டாக்டரம்மா விழித்திரையின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, தேய்ந்துபோன இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு கணக்கின் விடையைக் கேட்டுக்கொள்வதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தோட்டத்துல நடக்கறது மட்டும் நின்னுடக் கூடாதுங்க" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் எங்கள் வீடு. பொன்மலை ரயில்வே பட்டறையில் நான் வேலையில் இருந்தபோதே கட்டியது. வீடு சின்னது, பின்னால் தோட்டம் நீளம். ஒரு மாமரம், தென்னைகள், செம்பருத்தி, மதிலை ஒட்டி நித்தியமல்லிப் பந்தல், கடைசியில் மோட்டார் ரூம். பொழுது சாய்கிற நேரத்தில் மல்லி மொட்டுப் பறிக்கக் கூடையோடு இறங்குவாள். இருட்டும்வரை அங்கேயேதான் இருப்பாள். அந்த நேரம்தான் இப்போது வினையாகிவிட்டது. பாதையோரம் நட்டிருந்த செங்கல்லில் கால் இடித்து ஒரு தடவை விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. பாதைக்கு விளக்கு போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன்.

மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைத்தால் மல்லியின் வேர் அறுந்துவிடும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் ஒயர் ஓடினால் அவள் கால்தான் முதலில் மாட்டும். ஆகவே ஒயரே இல்லாத சோலார் விளக்கு என்று முடிவானது. பட்டறையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பாலக்கரையில் ஒரு பாய் கடை வைத்திருக்கிறார், சரியாகப் பார்த்துக் கொடுப்பார் என்றார். நானும் அவளுமாகப் போனோம்.

பாய் பல வருஷம் துபாயில் பங்களாத் தோட்டங்களுக்கு விளக்கு போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். "யாருக்கு வெளிச்சம் வேணும்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் அவளைக் காட்டினேன். உடனே எழுந்து, கடைக்குப் பின்னாலிருந்த சரக்கு அறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஒவ்வொரு விளக்காக எரியவிட்டுக் காட்டினார். வெள்ளை வெளிச்சம் அவளுடைய கண்ணைக் குத்தியது. மண்ணில் செருகி வைக்கிற சின்ன மஞ்சள் விளக்குகளைப் பார்த்ததும், "இது அகல் ஏத்தின மாதிரி இருக்கு, இதுவே போதும்" என்றாள். பாய் கொஞ்சம் தயங்கினார். "வெளிச்சம் கம்மிம்மா இது. அழகுக்கு வைக்கிறது." அவள் கேட்கவில்லை. அந்த மஞ்சள் விளக்குகளையே பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக நட்டேன்.

அன்று சாயங்காலம் வெயில் இறங்கியதும் அவை ஒவ்வொன்றாகத் தாமாக எரிந்தன. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்தோம். யாரோ பாதையில் நடந்துபோய்க்கொண்டே ஏற்றிவிட்டுப் போவதைப் போல இருந்தது. அப்போது அது எனக்கு அழகாகத்தான் பட்டது.

சில நாள் கழிந்து, விளக்கு எரிகிற அதே நேரத்தில் அவள் மொட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள்.

"ஏங்க, பின்பக்கக் கேட்டைப் பூட்டலையா?"

"பூட்டித்தானே இருக்கு."

"அப்போ அந்தப் பொண்ணு எப்படி உள்ள வந்துச்சு?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கேட்டில் பூட்டு தொங்கியது. மதில் என் தலைக்கு மேல் உயரம். மோட்டார் ரூமுக்குப் பின்னாலும் பார்த்தேன். ஒரு ஓணான்கூட இல்லை. அவள் படியிலேயே நின்று கை நீட்டிக் காட்டினாள்.

"மாமரத்தடியில. பச்சைப் பாவாடை. தலையில உயரமா என்னமோ சுத்தியிருக்கா. நீங்க பக்கத்துலதாங்க நிக்கறீங்க."

என் பக்கத்தில் மாமரத்தின் அடிமரமும் ஒரு மஞ்சள் விளக்கும்தான் இருந்தன. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "முகம் எப்படி இருக்கு?"

"நல்லா லட்சணமா இருக்கா. மூக்குல ரெண்டு பக்கமும் குத்தியிருக்கு. கண்ணிமை எல்லாம் தெரியுது" என்றவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

மாதக்கணக்காக அவள் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. என்னையே குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாள். இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் உறைத்தது. கூடையைக் கீழே வைத்தாள். "உள்ள வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுப்படியில் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சொன்னாள். விளக்கு வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டதாம். முதலில் சுவரில் கட்டம் கட்டமாக, புள்ளி வைத்துப் போட்ட கோலத்தைப் போல ஏதோ ஓடும். கண்ணில் பூச்சி பறக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறாள். மஞ்சள் விளக்கு வந்த பிறகுதான் மனிதர்கள் வந்தார்கள். அந்தப் பெண் மட்டுமில்லை. நீளமான அங்கி போட்ட ஆட்கள் வரிசையாகப் பாதையில் வருவார்கள். சிலர் நம் முழங்கால் உயரம்தான் இருப்பார்கள். வந்து, திரும்பி, மதிலுக்குள் போய்விடுவார்கள்.

"பயமா இல்லையா உனக்கு?"

"அவங்களைப் பார்த்துப் பயமில்ல. எனக்குப் புத்தி பெரண்டுடுச்சோன்னுதான் பயம். அதான் சொல்லல."

"தெரிஞ்சவங்களா? உங்க அம்மா மாதிரி யாராவது...?"

"ஒருத்தரையும் தெரியாது. அதுதாங்க ஒரு மாதிரியா இருக்கு. நான் பார்த்தே இல்லாத முகமெல்லாம் எனக்குள்ள எப்படி வந்துச்சு?"

மணப்பாறையிலிருந்து அவளுடைய தங்கை அந்த வாரம் முறுக்குப் பையோடு வந்திருந்தாள். மறைக்கத் தெரியாமல் நான் உளறிவிட்டேன். "அத்தான், இந்த மண்ணுல என்னமோ இருக்கு. ஆத்தங்கரை மண்ணு. அக்காவை உடனே ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். ராத்திரி தங்குவதாக இருந்தவள், காபி குடித்துவிட்டு மூன்றரை மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். போகும்போது பின்பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. பட்டறையில் இரும்பைத் தட்டிப் பார்த்தே விரிசல் எங்கே என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் எதைத் தட்டிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை. நாற்காலியை என் மனைவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது பைத்தியம் இல்லம்மா. பேயும் இல்ல. உங்களை மாதிரிப் பார்வை குறைஞ்ச நிறைய பேருக்கு வரும், வெளிய சொல்ல மாட்டாங்க. கண்ணுலேர்ந்து படம் வரலைன்னா மூளை சும்மா இருக்காது. தன்கிட்ட இருக்கற சரக்கைப் போட்டு அந்த எடத்தை நிரப்பிடும். மங்கல் வெளிச்சத்துல ஜாஸ்தியா வரும். வெளிச்சத்தைக் கூட்டுங்க. கண்ணை ரெண்டு பக்கமும் வேகமா அசைங்க. இல்லன்னா அவங்களை நோக்கி நேரா நடங்க. கலைஞ்சுடுவாங்க."

பிறகு எழுதிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "அவங்க பேசறாங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு சத்தமும் இல்ல. சருகு மேல நடந்தாக்கூடச் சத்தம் வராது."

"நல்லது. எப்பவாவது பேச ஆரம்பிச்சாங்கன்னா மட்டும் உடனே எங்கிட்ட வந்துடுங்க."

தைரியம் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது. ஆனால் அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி பாலக்கரை. இந்த முறை அவள் வரவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் பாயிடம் சொன்னேன். கம்பத்தில் மாட்டுகிற பெரிய வெள்ளை விளக்குகளை எடுத்து வைத்தார். ஆள் நடமாட்டம் இருந்தால் பளிச்சென்று எரியும், ஆள் அசையாமல் நின்றாலோ போய்விட்டாலோ கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மாமரத்து நிழலில் பேனல் வைத்தால் சார்ஜ் ஏறாது என்று, பேனல் தனியாக வருகிற வகையைக் கொடுத்து, மாடியில் வைத்து ஒயரைக் கிளை வழியாக இறக்கச் சொன்னார். மஞ்சள் விளக்குகளைப் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டேன்.

வெள்ளை விளக்கு வேலை செய்தது. அவள் பாதையில் இறங்கியதும் தோட்டம் முழுக்கப் பகலாகும். "போயிட்டாங்க" என்பாள். எனக்கு அப்பாடா என்றிருக்கும். ஆனால் அவள் கையைப் புருவத்துக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அந்த வெளிச்சத்தில் மொட்டும் இலையும் ஒன்றாக வெளுத்துப் போகிறது என்றாள். கைத்தடவலாகவே பறித்தாள். நின்று பறிக்கும்போது விளக்கு அணையும். அணைந்ததும் அவர்கள் வந்துவிடுவார்கள். கையை ஆட்டினால் விளக்கு எரியும், போய்விடுவார்கள். அந்தப் பெரிய தோட்டத்தில் அவள் ஒரு கையால் பூப்பறித்துக்கொண்டு, இன்னொரு கையை அவ்வப்போது தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றதைப் பின்கட்டிலிருந்து பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. யாருக்கோ டாட்டா காட்டுவதைப் போல இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. மோட்டார் ரூம் பக்கத்து விளக்கு, யாருமே இல்லாதபோது எரிய ஆரம்பித்தது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருப்போம். தோட்டத்தில் ஈ காக்கை இருக்காது. கடைசி விளக்கு பளீரென்று எரியும். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அணையும். முதல் தடவை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் தெரியுதா?"

"விளக்கு எரியறது தெரியுது."

"அப்போ வெளக்குக்கு அவங்களைத் தெரியுதுங்க."

பாய்க்கு போன் செய்தேன். அந்த சென்சார் உடம்புச் சூட்டைத்தான் பார்க்கிறது, பகலெல்லாம் காய்ந்த சுவரிலிருந்து சூடு கிளம்பும்போது கிளை ஆடினால்கூட ஏமாந்துவிடும், பூனை பெருச்சாளி என்றாலும் எரியும் என்று பொறுமையாக விளக்கினார். சரிதான். மனசு ஒப்பவில்லை. மறுநாள் சாயங்காலம் நானே போய்ச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அவள் சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமல் இறங்கி, மோட்டார் ரூமுக்கு முன்னால் போய் அசையாமல் நின்றேன். வழக்கமாக வெளியே போட்டுக்கொள்ளும் வெள்ளை வேட்டியும் சட்டையும். என்னைப் பார்த்து எரிந்த விளக்கு, நான் சிலையாக நின்றதும் அணைந்தது. கிளை ஆடி அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே இன்னும் கொஞ்சம் வெளுப்பு இருந்தது. அப்போது அவள் கூடையோடு வந்தாள். வழியிலிருந்த விளக்குகள் அவள் வரவர எரிந்து, அவளுக்குப் பின்னால் அணைந்துகொண்டே வந்தன.

நேராக என்னைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தாள். நின்றுவிடுவாள், ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பாதையில் ஒரு காலி இடத்தைப் பார்க்கிற முகம். நடையை நிறுத்தாமல் என்னை நோக்கியே வந்தாள். எனக்குக் குரல் எழும்பவில்லை. நான் அங்கே இருக்கிறேனா இல்லையா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகமாகிவிட்டது. வந்த வேகத்தில் என் மார்பில் மோதினாள்.

அவள் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்த பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. விளக்கு பளீரென்று எரிந்தது. கூடை கவிழ்ந்து மொட்டெல்லாம் எங்கள் காலடியில்.

"நான்தான், நான்தான்" என்றேன். அவள் என் தோளை, கையை, தாடையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க பேசல? பேசியிருக்கலாம்ல?"

"என்னைப் பார்த்துட்டுத்தானே வந்தே?"

"அவங்கள்ல ஒருத்தர்னு நெனச்சேன். டாக்டர் சொன்னாங்கல்ல, நேரா நடன்னு. எப்பவும் விலகிடுவாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தர் விலகல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "முகம் தெளிவாத் தெரிஞ்சதுங்க. அதனாலதான் நீங்க இல்லன்னு நெனச்சேன்."

"யார் முகம்?"

"தெரியல. உங்க சட்டை, உங்க வேட்டி. முகம் வேற ஆளு. சின்ன வயசு. மீசை இல்ல. என்னையே பார்த்துட்டு நின்னாரு."

பொறுக்கிய மொட்டை அன்று தொடுக்கவில்லை. உள்ளே வந்து கண்ணாடியில் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தோடு இன்னொன்றும் இருந்தது, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. யாரென்றே தெரியாத அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பொறாமை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த என் முகம் அவளுக்குப் புகை. எங்கிருந்தோ வந்தவன் ஒருவன் என் கழுத்துக்கு மேலே அவனுடைய முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துவிட்டுப் போகிறான். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு ஞாபகத்துல இருக்கறது உங்க முகம்தான்" என்றாள். "அதை நானாத்தான் நெனச்சுக்கணும். அவங்க தானா வர்றாங்க. அதுதான் வித்தியாசம்."

மூன்றாம் தடவை பாலக்கரைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பாயிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் "யா அல்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்களுக்கு என்ன தெரியணும்மா? அதைச் சொல்லுங்க. மத்ததை விட்டுடலாம்" என்றார்.

அவள் யோசித்தாள். "என் காலு. பாதை. செங்கல்லோட ஓரம். பந்தல்ல என் கை எட்டற எடம். முகம் இருக்கற உயரத்துக்கு வெளிச்சமே வேண்டாம். திடீர்னு எரிஞ்சு திடீர்னு அணையவும் வேண்டாம்."

முழங்காலுக்குக் கீழே நிற்கிற குட்டைத் தூண் விளக்குகளை எடுத்தார் பாய். மேலே தகட்டு மூடி. வெளிச்சம் நேரே தரையில் வட்டமாக விழும், மேலே சிதறாது. முதலில் வாங்கியதைப் போல மஞ்சள்தான், ஆனால் அதைவிட வெளிச்சம் அதிகம். பொழுது சாய்ந்தால் எரியும், விடிந்தால்தான் அணையும். பந்தலுக்கு மட்டும் கீழ்நோக்கி ஒரு தனி விளக்கு. சரக்கு அறையை இருட்டாக்கி எரியவிட்டபோது அவள் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தாள். "மெட்டி தெரியுது" என்றாள். அவள் நிஜமான ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நான் வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை.

தோட்டத்தில் இறங்கினால் நான் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. பேச ஒன்றுமில்லையென்றால் பட்டறைக் கதை எதையாவது சொல்லுவேன். குரல் வந்தால் நான், வராவிட்டால் அவர்கள்.

அவர்கள் வருவது உடனே நிற்கவில்லை. ஆனால் அந்த விளக்குகளுக்கு மேலே இருட்டாக இருந்ததால் முகங்கள் போய்விட்டன என்றாள். வட்ட வட்டமான வெளிச்சத்தில் பாதங்கள் மட்டும் வரும். வெறுங்கால், சலங்கை கட்டிய கால், குட்டிக் கால். சத்தமில்லாமல் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு எடுத்து வைத்துப் போகும். முகங்களைவிட அது மோசமாக இருக்கும் என்று நான் பயந்தேன். அவளுக்கு அப்படியில்லை. "போறவங்க போகட்டும். எனக்கு என் பாதை தெரியுது" என்பாள். அவள் மறுபடி விழவில்லை. ஐப்பசி மழை முடிந்து பந்தல் தழைத்தபோது, கால்களும் எப்போதாவதுதான் வந்தன. ஒரு சாயங்காலம் கூடையோடு உள்ளே வந்து, "ரொம்ப நாளா யாருமே வரல, கவனிச்சீங்களா?" என்றாள், நானும் அவர்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததைப் போல.

டாக்டரம்மாவும், பலருக்கு இது தானாக நின்றுவிடும் என்றுதான் சொன்னார். ஊசி தொடர்கிறது. பார்வை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த மார்கழியில் பனி மூட்டத்தில் மாமரத்தடி விளக்கு மட்டும் எரியாமல் போனது. பேட்டரி போயிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றப் போனபோது அவள் படியிலிருந்து கூப்பிட்டாள்.

"அதை விட்டுடுங்க. அந்த ஒண்ணு இருட்டாவே இருக்கட்டும்."

"ஏன், யாராவது நிக்கறாங்களா?"

"இல்லல்ல, யாருமில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எரியற எடத்துல எல்லாம் யாருமில்லன்னு தெரிஞ்சுடுதுங்க" என்றாள்.

பேட்டரியை அலமாரியில் வைத்துவிட்டேன். பாதையில் அந்த இடம் வரும்போது அவள் இன்னும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்குகிறாள். நான் பேசிக்கொண்டே வேகமாகக் கடந்துவிடுகிறேன்.